நீராவியால் மட்டும்

பன்னிரண்டு பல்புகள். ஒன்றுகூட சிகரெட் நுனியைவிடப் பிரகாசமாக எரியவில்லை.

கிளிஃப் ஓல்ட்ராய்ட் கொட்டகைத் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவற்றை முறைத்துக்கொண்டிருந்தார். பாய்லர் கொதித்தது. பெரிய சக்கரம் சுற்றியது. சக்கரத்திலிருந்து டைனமோவுக்குப் போகும் தோல் பெல்ட்டும் ஒழுங்காக ஓடியது. எல்லாம் வேலை செய்தன. வெளிச்சம் மட்டும் வரவில்லை.

பின்னால் அளவு நாடா இழுபடும் சத்தம் கேட்டது. அவர் மனைவி மேவிஸ் ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு புதன்கிழமைதானே. அதுக்குள்ள என்ன அளவு?"

"திரைச்சீலை தைக்க நாளாகும்ல" என்றாள் மேவிஸ். "நீ உன் வேலையப் பாரு. நான் உனக்கு வெளிச்சத்த மறைக்கலியே."

கிளிஃப் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் மூடி எட்டு வருஷம் ஆகிறது. மூடிய மறு வாரமே மேவிஸ் சமையலறையில் ஊர்ப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். அந்த வீட்டில் ஒழுங்காக வேலைக்குப் போவது என்றால் அது அவள் ஒருத்தி, சமையலறை வரைக்கும். உருளைக்கிழங்கு கழுவுகிற தொட்டியில்தான் வாரத்துக்கு இருபது தலைகளையும் கழுவினாள். கிழங்கில் முடி, முடியில் தோல். கொட்டகை கிடைத்தால் ஒரு தொட்டி, இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி என்று போட்டு மனுஷத்தனமாகத் தொழில் செய்யலாம் என்று ஏழு வருஷமாகக் கேட்கிறாள். ஏழு வருஷமாக கிளிஃப்புக்குக் காது மந்தம்.

போன வசந்தத்தில், மூன்று பைன்ட் பீர் உள்ளே போயிருந்த ஒரு நல்ல நேரத்தில், அவர் வாயைக் கொடுத்துவிட்டார். இந்த வருஷக் காட்சியில் தன் இன்ஜின் விளக்கு முழுசாகப் பதினைந்து நிமிஷம் எரியாவிட்டால் கொட்டகை மேவிஸுக்கு. அவள் உடனே சாக்பீஸை எடுத்துவந்து கொட்டகைக் கதவில் அதை எழுதவைத்து, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். மழைச்சாரலில் அது அழிந்துவிடக் கூடாது என்று மேலே பிளாஸ்டிக் தாளும் ஒட்டினாள்.

காட்சி என்பது ஸ்கெல்பரோ குட்டி இன்ஜின் சங்கத்தின் காட்சி. ஒன்பது உறுப்பினர்கள், ஒன்பது பேரும் சுரங்கத்தில் இருந்தவர்கள். ஆளுக்கொரு இன்ஜின். அந்தக் காலத்தில் திருவிழா ராட்டினங்களை ஊர் ஊராக இழுத்துப்போய், போன இடத்தில் விளக்கும் போட்டுக்கொடுத்த பெரிய நீராவி வண்டிகளின் குட்டிகள் அவை. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பதினைந்து நிமிஷம் விளக்கு எரிக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வருவார். நன்றாக எரிந்தவருக்குக் கோப்பை.

விதி ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவரே கிளிஃப்தான். 'விளக்கு நீராவியால் மட்டும் எரிய வேண்டும். பேட்டரி கூடாது.' ஒன்பது பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஏழு காட்சிகளில் கிளிஃப் ஏழு தடவை ஒன்பதாவதாக வந்திருந்தார்.

பெல்ட் வழுக்குகிறது என்று அவருக்குத் தோன்றியது. சுரங்கத்தில் பெல்ட் வழுக்கினால் சர்க்கரைப் பாகு தடவுவார்கள். சமையலறைக்குப் போய் பாகு டப்பாவை எடுத்துவந்து தாராளமாகத் தடவினார். பெல்ட் நன்றாகப் பிடித்தது. பிடித்த வேகத்தில் பாகை எடுத்துக் கதவு வழியாக வெளியே வீசியது. வெளியே கொடியில் மேவிஸின் பதினான்கு வெள்ளைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

பல்புகள் சிகரெட் நுனியிலிருந்து ஊதுவத்தி நுனிக்கு இறங்கின.

மேவிஸ் துண்டுகளை எடுத்து மறுபடி துவைத்தாள். துவைக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு வேறொன்று பிடிபட்டது. டைனமோவுக்குள் மின்சாரத்தை வழித்தெடுக்கிற கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து பொடியாகியிருந்தன. புதுசு வாங்க ஷெஃபீல்டுக்குப் போக வேண்டும். ஆனால் அதே அளவு பிரஷ் இரண்டு பக்கத்திலேயே, சமையலறையில், மேவிஸின் முடி உலர்த்தும் இயந்திரத்துக்குள் இருப்பது அவருக்குத் தெரியும். அந்த இயந்திரத்தைப் பழுது பார்ப்பதும் அவர்தானே. பத்து நிமிஷத்துக்குத்தான், சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

பத்து நிமிஷத்தில் மிசஸ் ஹெப்டன் வந்துவிட்டார். தலையில் முப்பத்திரண்டு சுருள்களோடு, சொட்டச் சொட்ட, இயந்திரத்தின் குடுவைக்குள் தலையை விட்டு உட்கார்ந்தார். மேவிஸ் சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் மிசஸ் ஹெப்டன், ரொம்ப நாசூக்காக, இந்த வருஷம் காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக வருகிறதோ என்று கேட்டார்.

மேவிஸ் கொட்டகைக்கு வந்தபோது பிரஷ் இரண்டும் டைனமோவுக்குள் நீலப் பொறி பறக்க உரசி, பாதியாகத் தேய்ந்திருந்தன. இனிமேல் அவை டைனமோவுக்குத்தான் ஆகும்.

"என் மெஷின்ல இருந்து எடுத்தியா?"

"பத்து நிமிஷத்துக்குத்தான்..."

"கிளிஃப். அந்தப் பொம்பளைக்கு அறுபத்தெட்டு வயசு. அடுப்புக் கதவத் திறந்துவச்சு அதுக்கு முன்னால தலையக் குனிஞ்சு உக்காரவச்சிருக்கேன். ஞாயித்துக்கிழம வறுக்கிற கோழி மாதிரி இருக்கு."

தங்கச்சி வீட்டில் ஒரு பெரிய உலர்த்தி சும்மா கிடக்கிறது, காரில் போய் அதை எடுத்து வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் சாவியைத் தேடினாள். கார் போகாது என்பதை கிளிஃப் அப்போதுதான் மெதுவாகச் சொன்னார். காரின் பேட்டரி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அதற்கும் காரணம் உண்டு. டைனமோ மாதக்கணக்காகச் சும்மா இருந்தால் அதற்குள் இருக்கும் கொஞ்சநஞ்சக் காந்தமும் செத்துவிடும். ஒரு பேட்டரியின் இரண்டு கம்பியையும் இரண்டே விநாடி தொட்டு எடுத்தால் உயிர் வரும். மின்வேலை தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். இன்ஜினுக்குப் பக்கத்தில் பேட்டரியைக் கொண்டுவரவே கிளிஃப்புக்குக் கூசியது. தன் கையால் எழுதிய விதி. மேவிஸ் போனதும் நெருப்பை அணைத்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்கு மாட்டினார், சுரங்கத்துக்குள் சிகரெட் பற்றவைக்கப் போகிறவர் மாதிரி.

தொட்டார். டைனமோவுக்கு உயிர் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது. மின்சாரம் கொடுக்க வேண்டிய டைனமோ, மின்சாரத்தை வாங்கிக்கொண்டு மோட்டாராகச் சுற்ற ஆரம்பித்தது. பாகு தடவிய பெல்ட் அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. டைனமோ பெல்ட்டை இழுக்க, பெல்ட் சக்கரத்தை இழுக்க, கியர் போட்டிருந்ததை கிளிஃப் மறந்திருக்க, பாய்லரில் ஒரு பொட்டு நெருப்பு இல்லாமலேயே இன்ஜின் பின்னோக்கி நகர்ந்து, சாத்திய கதவைத் தள்ளித் திறந்துகொண்டு தோட்டத்தில் இறங்கியது. பேட்டரியை மடியில் ஏந்தியபடி கிளிஃப் கூடவே ஓடினார். கொடிக்கம்பத்தில் மோதித்தான் அது நின்றது. மறுபடி துவைத்துப்போட்ட பதினான்கு துண்டுகளும் மண்ணில் விழுந்தன.

மேவிஸ் பேருந்தில் போய், தெருவிளக்கு உயரத்துக்கு இருந்த அந்த உலர்த்தியைக் கட்டிப்பிடித்தபடி பேருந்திலேயே திரும்பி வந்தாள். ஓட்டுநர் இரண்டு பேருக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம்.

ஆனால் அன்று சாயங்காலம் நெருப்பு மூட்டிப் பார்த்தபோது பல்புகள் காரட் நிறத்துக்கு வந்திருந்தன. ஏழு வருஷத்தில் முதல் காரட். வெள்ளையாக எரியவில்லைதான். மற்ற எட்டுப் பேருடையதும் பால் மாதிரி வெள்ளையாக எரியும். ஜெயிக்கிற வெளிச்சம் இல்லை இது. பதினைந்து நிமிஷம் அணையாமல் நின்றால் கொட்டகை மட்டும் மிஞ்சும். கிளிஃப்புக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் காட்சிக்கு முந்திய நாள் வருவார்கள். இதற்கு ஒரு பழைய வழக்கம் காரணம். கிளிஃப் முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தின் விளக்கு அறையில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தலைவிளக்கையும் இடுப்பில் மாட்டுகிற பேட்டரியையும் எடுத்துக் கொடுப்பதும், மேலே வந்ததும் வாங்கி சார்ஜ் ஏற்றுவதும் அவர் வேலை. சுரங்கம் மூடிய அன்று அவரவர் விளக்கை அவரவர் ஞாபகத்துக்கு எடுத்துப்போனார்கள். கிளிஃப் சார்ஜ் ஏற்றுகிற அலமாரியையே எடுத்து வந்தார். காட்சிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுரங்கத்தில் செத்தவர்களின் நினைவாக எல்லாரும் தலைவிளக்கு எரிய கோயிலுக்கு ஊர்வலம் போவார்கள். அதற்காகத்தான் இந்த சார்ஜ்.

அந்த ஒரு நாளில்தான் அவர் பழைய கிளிஃப். எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். எட்டு பேட்டரிகளையும் எண் பார்த்து வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து ஒன்பதாக அலமாரியில் மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அலமாரி மெல்ல இரைந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு மனசு உறுத்தல். ஒவ்வொரு வருஷமும் ஊர்வலம் கோயில் வாசலுக்குப் போவதற்குள் மற்றவர்கள் விளக்கு மஞ்சளடித்து அணைந்துவிடும். அவருடையது மட்டும் ஜோராக எரியும். தனக்கு மட்டும் நன்றாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டதாக ஊர் நினைக்குமோ என்று கூனிக்குறுகித்தான் உள்ளே போவார்.

"இந்தத் தடவ ராத்திரி பூரா விட்டுவைக்கிறேன் லென்" என்றார்.

லென் சங்கத்தின் செயலாளர். ஆறு தடவை கோப்பை வாங்கியவர். பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். "விடுய்யா. பேட்டரிக்கும் வயசாகுது. நமக்கு ஆகலியா?"

அதற்கு மேல் கிளிஃப்பால் அடக்க முடியவில்லை. லென்னைத் தனியாகக் கொட்டகை மூலைக்கு அழைத்துப் போய், டைனமோவைக் கார் பேட்டரியால் தொட்டுவிட்டதை ஒப்புக்கொண்டார். இரண்டே விநாடிதான். ஓடிப்போனதைச் சேர்த்தால் ஒரு பன்னிரண்டு விநாடி இருக்கும். விதிப்படி இது குற்றமா, போட்டியிலிருந்து விலகிவிடட்டுமா என்று கேட்டார்.

லென் ரொம்ப நேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். வெளியே நின்ற ஏழு பேருக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒருவருக்கு இருமல் வந்து மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

"நீ ஒரு நேர்மையான மனுஷன் கிளிஃப்" என்றார் லென் கடைசியில். "சங்கம் மன்னிக்கும். ஆனா இதோட சரி. இன்னிக்கு ரெண்டு விநாடிம்பாங்க, நாளைக்கு எங்க போய் நிக்கும்?"

கிளிஃப்புக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு இன்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, எட்டுப் பேரோடு மைதானத்துக்குப் போய்விட்டார். கூடாரம் அடிக்க, கயிறு கட்ட, பெஞ்சு தூக்க அன்று முழுக்க வேலை இருந்தது. மறுநாள் காலையும் இருந்தது. கொட்டகைக்குள் அவர் திரும்பக் காலே வைக்கவில்லை.

வீட்டில் மேவிஸுக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது. காட்சிக்கும் ஊர்வலத்துக்குமாகப் பதினொரு பெண்கள் தலை அலங்காரத்துக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். கிளிஃப் போன அரை மணியில் தங்கச்சியின் உலர்த்தியைச் சமையலறையில் போட்டாள். ஃபியூஸ் போய்விட்டது. மாற்றிப் போட்டாள், மறுபடி போனது. அவ்வளவு பெரிய இயந்திரத்தைத் தாங்குகிற கனமான இணைப்பு அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அலமாரிக்காக கிளிஃப் கொட்டகைக்கு இழுத்தது. அங்கே பிளக் மாட்டுகிற இடமும் ஒன்றுதான்.

மேவிஸ் அங்கே இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். ஜன்னல் வழியாக ஒயரைச் சமையலறைக்கு இழுத்தாள். வெள்ளிக்கிழமை ஏழு தலை, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நாலு தலை; இடையில் ராத்திரியும் ஒயர் அப்படியே கிடந்தது. வேலை முடிந்ததும் ஒழுங்காகப் பழைய பிளக்கைத் திரும்பச் செருகினாள். அடுத்தவர் சாமானை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கிறவள். அலமாரியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இரண்டு மணிக்கு எட்டுப் பேரும் பேட்டரியை வாங்கிப்போக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று வழக்கம்போல் லென் சொல்லியிருந்தார். கிளிஃப் மைதானத்தில் இருந்ததால் மேவிஸ்தான் எண் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்கு மைதானத்தில் ஒன்பது புகைபோக்கிகள் புகைத்தன. கரிப்புகை, வெங்காயம் வதங்குகிற வாசனை, சேறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. பெண்களின் தலை அலங்காரம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மேவிஸ் முன்வரிசையில், அளவு நாடாவைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நடுவர் பிளென்கின் டான்காஸ்டரிலிருந்து வந்த ஒல்லி மனிதர். விசில் ஊதினார். விளக்குகள் எரிந்தன.

எட்டு இன்ஜின்கள் கல்யாண வீடு மாதிரி வெள்ளையாக ஜொலித்தன. ஒன்பதாவது, வரிசையின் கடைசியில், காரட் நிறத்தில் கனன்றது. கூட்டத்தில் யாரோ, அது என்ன அணைய மறந்த அடுப்பா என்று கேட்டார்கள். கிளிஃப் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை எண்ணெய்க் குப்பியில், ஒரு கண் கடிகாரத்தில். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். போன வருஷம் இந்த இடத்தில்தான் அணைந்தது. இப்போது அணையவில்லை. இரண்டு கரண்டி கரி போட்டார்.

ஐந்தாவது நிமிஷத்தில் லென்னின் விளக்கு மஞ்சளாகியது.

கிளிஃப் முதலில் தன் கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். லென்னுக்கு அடுத்ததும் மஞ்சள். அதற்கு அடுத்தது சிவப்பு. இன்ஜின்கள் என்னவோ நன்றாகத்தான் ஓடின, சக்கரங்கள் சுற்றின, பெல்ட்டுகள் பறந்தன. பல்புகள் மட்டும் ஒவ்வொரு வரிசையாகக் கண்ணை மூடின. எட்டாவது நிமிஷத்தில் மைதானத்தில் எரிந்துகொண்டிருந்தது பன்னிரண்டு காரட் மட்டும்தான்.

எட்டுப் பேரும் தங்கள் இன்ஜினைப் பார்க்கவில்லை. கிளிஃப்பைப் பார்த்தார்கள்.

பொறாமை என்று கிளிஃப் புரிந்துகொண்டார். பாவம், பழக்கம் இல்லாதவர்கள். ஏழு வருஷம் அதில் ஊறினவருக்குத்தான் தெரியும் அந்த வலி.

பதினைந்தாவது நிமிஷம் விசில் ஊதியபோது பல்புகள் கொஞ்சமும் குறையாமல் எரிந்தன. பிளென்கின் கைவிளக்கை அடித்து இரண்டு தடவை வரிசையைப் பார்த்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு சுலபமாக ஒரு தீர்ப்பு அமைந்ததில்லை என்று சொல்லிக் கோப்பையைக் கொடுத்தார்.

தேநீர்க் கூடாரத்தில் மேவிஸ் அவர் தோளைத் தட்டினாள். அளவு நாடாவை அவர் கோட்டுப் பையில் போட்டாள்.

"பேச்சுன்னா பேச்சு. கொட்டகைய நீயே வச்சுக்க" என்றாள். "ஆனா பதினாலு துண்டையும் நீதான் துவைக்கிற."

கிளிஃப் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். கோப்பையை மேஜை நடுவில் வைத்து எட்டுப் பேருக்கும் தேநீர் சொன்னார். ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டும், லென்னிடம் கற்றுக்கொண்டதுதான். எல்லாருடைய டைனமோவையும் வீட்டுக்கு வந்தே பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். பெரும்பாலும் பிரஷ்தான் காரணமாக இருக்கும். பெல்ட்டுக்குப் பாகு தடவலாம், ஆனால் வெளியே துணி காயப்போட்டிருக்கக் கூடாது. இரண்டு விநாடி பேட்டரியால் தொட்டால்கூடப் பரவாயில்லை, சங்கம் மன்னிக்கும் என்று சொல்லி லென்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

லென் சர்க்கரை போடாத தேநீரை ரொம்ப நேரம் கலக்கினார்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் லென்னின் மனைவி ஹில்டா. இன்ஜின், விதி, கோப்பை எதிலும் அவளுக்கு அக்கறை கிடையாது. கிளிஃப்பின் தேநீருக்குப் பால் ஊற்றியபடியே, கரிசனமாகத்தான் கேட்டாள்:

"ஏம்ப்பா கிளிஃப், இந்த வருஷம் பேட்டரிக்கு சரியா சார்ஜ் ஏத்தலியா? எங்காளு இன்ஜின்ல கரிக்கு அடியில ஒளிச்சு வைக்கிறது, வழக்கமா மறுநாள் கோயில் வாசல் வரைக்குமாச்சும் தாங்குமே."